பழைய காருக்குச் செலவு செய்யலாமா, கை கழுவலாமா? அறிகுறியை வைத்து முடிவெடுக்கும் வழி

பழைய காரைப் பட்டறையில் விட்டால் மாலையில் ஒரு தொகை சொல்வார்கள். கேட்டதும் மனம் அதை வண்டியின் விலையோடு வைத்துப் பார்க்கும். விற்றால் இவ்வளவு தேறாதே, இதற்கா இத்தனை செலவு என்று தோன்றும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற எரிச்சல் அது. எரிச்சல் நியாயம்தான், ஆனால் கணக்கு தப்பு. நீங்கள் வண்டியை விற்கப் போவதில்லை, ஓட்டப் போகிறீர்கள். அந்தத் தொகையோடு வண்டியை விற்று வரும் பணத்தையும் சேர்த்தால் வேறு என்ன வண்டி வாங்க முடியும் என்று யோசியுங்கள். பெரும்பாலும் இதே வயதில், முந்தைய ஆள் எப்படி ஓட்டினார் என்றே தெரியாத இன்னொரு பழைய வண்டிதான் கிடைக்கும். அதற்கும் வாங்கிய கையோடு பெல்ட், டயர், பேட்டரி என்று ஒரு சுற்றுச் செலவு இருக்கும்.

அதனால் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த வேலையை முடித்துவிட்டால் வண்டி இன்னும் ஒரு வருடமாவது பெரிய செலவு வைக்காமல் ஓடுமா? ஓடும் என்றால் தொகையை 12ஆல் வகுத்து, மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். புது வண்டியின் மாதத் தவணைக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால் பல நேரம் பதில் தானாகவே வந்துவிடும். இதுவரை செய்த செலவை இதில் சேர்க்காதீர்கள், அது போன பணம். இவ்வளவு போட்டாச்சே என்று மேலே மேலே கொட்டுவதும் தப்பு, இவ்வளவு போட்டும் நின்றுவிட்டதே என்று கோபத்தில் தள்ளிவிடுவதும் தப்பு.

ஒரு வருடம் ஓடுமா என்பதை அறிகுறிகள்தான் சொல்லும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காசு செலவாகாத சோதனையை முதலில் செய்ய வேண்டும், காசு கேட்கும் சோதனை அப்புறம்.

எதற்கும் முன்னால், வண்டிக்கு அடியில் பாருங்கள்

என்ஜின் கோளாறோடு வண்டி வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது துருவைத்தான். உடம்பு போன வண்டிக்கு என்ஜின் வேலை பார்ப்பது வீண்.

கதவின் கீழ் விளிம்பு, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, டிக்கி ஓரம் ஆகிய இடங்களில் துரு இருந்தால் அது பெரும்பாலும் தோற்றக் குறைதான். பார்க்கச் சகிக்காது, ஓட்டுவதற்குத் தடையில்லை. பயப்பட வேண்டிய இடங்கள் வேறு. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பானெட்டைத் திறந்தால் தெரியும் சஸ்பென்ஷன் மேல்முனை, பின் சஸ்பென்ஷன் உடம்போடு சேரும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம் ஆகியவைதான் அவை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் இங்கெல்லாம் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று தெளிவாக ஒலிக்கும். அரித்த தகட்டில் சத்தம் மங்கலாக வரும், துகள் உதிரும். சந்தேகம் என்றால் முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் சந்தேகம் தீர்ந்தது. பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சின்ன காந்தம் போதும், கனமான பட்டியில் அது ஒட்டாது. அடிப்பக்கத்தில் மட்டும் புத்தம் புதிதாகக் கறுப்புப் பூச்சு இருந்தால் கூடுதலாகத் தட்டிப் பாருங்கள்.

வெல்டிங் செய்து சரி செய்யலாம், செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெட்ட வெட்டத்தான் துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். முதலில் சொன்ன தொகையில் அந்த வேலை நிற்பது அரிது. சஸ்பென்ஷன் பிடிப்புகள் அரித்துவிட்ட மலிவு வண்டிக்கு என் பதில்: விட்டுவிடுங்கள். கீழே உள்ள அறிகுறிகளைப் படிக்கவே வேண்டாம்.

இதே கண்டிப்பு வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் பொருந்தும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை கோடாகத் தெரியும். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் மண் படிந்திருக்கும். ஒயர் முனைகள் உள்ளே பூத்துப்போக மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இன்று ஒரு கோளாறு, அடுத்த மாதம் வேறொன்று என்று வந்துகொண்டே இருக்கும். முடிவு தெரியாத செலவு அது.

ஸ்டார்ட் ஆகவில்லை

வண்டி பழசு என்பதால் பெரிய கோளாறாகத்தான் இருக்கும் என்று பயப்படும் அறிகுறி இது. பாதிக்கு மேல் சின்ன விஷயமாகத்தான் முடியும்.

சாவியைத் திருப்பியதும் 'டக் டக் டக்' என்று வேகமாக அடித்துக்கொண்டால் பேட்டரியில் தெம்பில்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்து அமைதியானால் ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது அதற்குப் போகும் கேபிள். மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். நிறுத்தி வைத்திருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஓடும் என்ஜினில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 12.6 காட்டியும் ஸ்டார்ட் செய்யும்போது 10க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி இறுக்கிப் பாருங்கள். புது பேட்டரி வாங்கி மாட்டிய பிறகுதான் கோளாறு அந்த முனையில் இருந்தது என்று தெரிய வருவது உண்டு.

என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் சாவியை ஆன் செய்து பின் சீட் பக்கம் காதை வையுங்கள். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் ஓரிரு விநாடி பம்பு முனகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பம்பு என்ற வரிசையில் பாருங்கள். இவை எல்லாமே செய்யத் தகுந்த வேலைகள்தான்.

ஒன்றுக்கு மட்டும் எச்சரிக்கை. வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றினால் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பொருத்தி இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மறுபடி மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வில் மோதும், வால்வு வளையும், என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். மோதாத வகை என்ஜினும் உண்டு, அதில் புது பெல்ட் போட்டால் ஓடிவிடும். உங்கள் என்ஜின் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள்.

சூடாகிறது

பழைய வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவதும், தவறான முடிவுக்குத் தள்ளுவதும் இந்த அறிகுறிதான். நூறு காரணங்கள் உண்டு. முக்கால்வாசி மலிவானவை, ஒன்றிரண்டு வண்டியையே முடித்துவிடும். அதனால் எப்போது சூடாகிறது என்று கவனிப்பதுதான் முதல் வேலை.

நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, வேகமாக ஓடினால் இறங்குகிறதா? ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. மோட்டார், ரிலே, சென்சார் மூன்றில் ஒன்று. மாறாக, நின்றால் சரியாக இருந்து வேகத்திலும் ஏற்றத்திலும் சூடானால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதி திறந்து மாட்டிக்கொண்டிருக்கலாம், வாட்டர் பம்பு பழுதாகியிருக்கலாம். முள் உச்சியில் நிற்கிறது, ஆனால் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் உள்ளே கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) போதவில்லை அல்லது ஓடவில்லை. கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரிப் புகை படிந்து, உள்ளே இனிப்பான வாடை அடித்தால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) கசிகிறது. பொருள் விலை பெரிதில்லை, ஆனால் பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்பதால் லேபர்தான் கடிக்கும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு திறந்தால் மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். அழுத்தத்தைப் பிடித்து வைக்க முடியாத மூடி ஒன்றே வண்டியைக் கொதிக்க வைக்கும். கூலிங் சிஸ்டத்தில் இதைவிட மலிவான உதிரி பாகம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டும் விழவில்லை என்றால் ஹெட்டுக்கும் அதற்குக் கீழுள்ள என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து மேல் ரேடியேட்டர் ஹோஸைக் கையால் அழுத்துங்கள். என்ஜின் சூடாகும் முன்பே ஒரு நிமிடத்தில் அது கல் மாதிரி இறுகினால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது. ரிசர்வ் டப்பாவில் விடாமல் குமிழி வருவதும் அதே கதைதான். ஆயில் மூடிக்கு அடியில் வெளிறிய பழுப்பில் பசை தெரிந்தால் உடனே நடுங்க வேண்டாம். தினமும் இரண்டு தெரு தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி வரும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியிலும் அதே பசை இருந்தால்தான் கவலை. முடிவாகத் தெரிய வேண்டுமென்றால் நீல நிற ரசாயனத்தை வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்தால் எரிந்த வாயு பட்டதும் நீலம் மஞ்சளாக மாறும். சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றலாம் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கேஸ்கெட் போய்விட்டது உறுதி என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேள்வி கேஸ்கெட்டைப் பற்றியதில்லை. முள் சிவப்பைத் தொட்ட பிறகு எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள்? உடனே ஓரம் கட்டி அணைத்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. வீடு வரை ஓட்டி வந்திருந்தால் அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம், விரிசல் விட்டும் இருக்கலாம். ஆகவே தொகை கேட்கும்போது லேத்தில் கொடுத்து மட்டம் பார்ப்பது, தேவைப்பட்டால் சீவுவது, புது ஹெட் போல்ட், தெர்மோஸ்டாட், கூலன்ட், ஆயில் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். "கேஸ்கெட் மட்டும் மாற்றித் தருகிறேன்" என்று பாதி விலையில் சொன்னால் ஆறு மாதத்தில் திரும்ப வர வாய்ப்புண்டு. உடம்பு நன்றாக இருந்து, ஹெட் மட்டமாக இருந்தால் நான் இந்த வேலையைச் செய்வேன். ஹெட் விரிசல் விட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றலாமா என்று கேட்பார்கள். துளையை அடைக்கிற அது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாயையும் அடைக்கும். நன்றாகச் செய்யப் போகிற வண்டியில் ஊற்றாதீர்கள். ஊற்றி விற்பது வேறு வகைத் தொழில், அது இங்கே வேண்டாம்.

புகை தள்ளுகிறது

குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து மறைவது நீராவி, விட்டுவிடுங்கள். என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளை வந்தால் மேலே சொன்ன கேஸ்கெட் சோதனைக்குப் போங்கள். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. ஏர் ஃபில்டர், சென்சார், டீசலில் இன்ஜெக்டர் என்று தேடலாம். வண்டியின் ஆயுளை அது முடிக்காது.

நீலம்தான் யோசிக்க வைக்கும், ஏனென்றால் எரிவது ஆயில். எப்போது நீலம் வருகிறது என்று பின்னால் ஒருவரை வரச் சொல்லிப் பாருங்கள். ராத்திரி நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி அழுத்தும்போது வந்தால், பெரும்பாலும் வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்). அழுத்தும் நேரமெல்லாம் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்). டர்போ வண்டியில் டர்போவையும் பார்க்க வேண்டும்.

ரிங் போயிருக்கிறதா என்பதைக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) சோதனை சொல்லும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அழுத்தமானியை மாட்டி ஒவ்வொரு சிலிண்டராக அளப்பார்கள். எண் எவ்வளவு என்பதைவிடச் சிலிண்டர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பது முக்கியம். 10 முதல் 15 சதவீதம் வரை பரவாயில்லை. அதற்கும் மேல் குறைந்து காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ரிங் போயிருந்தால் அளவு ஏறும், வால்வோ கேஸ்கெட்டோ போயிருந்தால் ஏறாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைவாக இருந்தால் நடுவில் கேஸ்கெட் விட்டிருக்கலாம். இந்த ஆயில் வித்தை பெட்ரோல் என்ஜினுக்கு மட்டும்தான், டீசலில் செய்யாதீர்கள்.

வால்வு சீலைச் சில என்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம், செய்யலாம். ரிங் என்றால் என்ஜினைப் பிரிக்க வேண்டும், மலிவு வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் ஆயில் குடிக்கும் வண்டியை உடனே தள்ள வேண்டும் என்பதும் இல்லை. 1000 கிலோமீட்டருக்கு 1 லிட்டருக்குக் கீழே குடிக்கிறது, புகைச் சோதனையில் தேறுகிறது என்றால் டிக்கியில் ஒரு கேன் வைத்து வாராவாரம் அளவு பார்த்து ஊற்றி ஓட்டுங்கள். ரிப்பேர் செய்வதா விடுவதா என்பதற்கு நடுவில் இப்படி ஒரு மூன்றாவது வழி இருப்பது பலருக்கு உறைப்பதில்லை.

ஆயில் விளக்கு எரிகிறது, அல்லது என்ஜின் தட்டுகிறது

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும். அடுத்த பட்டறை வரை என்றுகூட ஓட்டக் கூடாது. ஆயில் அளவு குறைந்திருந்தால் ஊற்றிப் பாருங்கள். அளவு சரி என்றால், அந்த விளக்கை எரிய வைக்கும் பிரஷர் ஸ்விட்ச் மலிவானது, அதுவே பொய் சொல்லலாம். நிஜமான அழுத்தமானியை மாட்டி அளக்கச் சொல்லுங்கள்.

சத்தம் என்றால் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மேலே இருந்து லேசாக 'டிக் டிக்' என்று வந்தால் டாப்பெட் (வால்வை அழுத்தும் பாகம்), பல மாதம் அப்படியே ஓடும். அடியிலிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல் கனமாக, ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த ஏறினால் கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது. அந்த என்ஜின் முடிந்தது. கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் சில நாள் அடங்கும், அவ்வளவுதான். வேறு வண்டியிலிருந்து எடுத்த என்ஜினை வைக்கலாம், ஆனால் உடம்பு, கியர் பாக்ஸ் இரண்டும் நன்றாக இருக்கும் வண்டிக்கு மட்டும். வைப்பதற்கு முன்னால், வெளியில் இருக்கும்போதே அதன் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள்.

கியர் விழவில்லை, இழுவை இல்லை

மேல் கியரில் மெதுவாக ஓட்டி, திடீரென்று அழுத்துங்கள். என்ஜின் சத்தம் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் தேயத்தான் செய்யும், மாற்றலாம். ஒரு கியருக்கு மட்டும் 'கர்ர்' என்றால் உள்ளே கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. நிதானமாகப் போட்டு ஓட்டப் பழகினால் வருடக்கணக்கில் ஓடும், அதற்காக கியர் பாக்ஸைப் பிரிக்க மாட்டேன்.

ஆட்டோமேட்டிக் வேறு கதை. ஆயில் அளவு குறைந்ததாலேயே வழுக்கும் என்பதால் முதலில் அளவு பாருங்கள். ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வந்து, டிரைவில் போட்டு ஓரிரு விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது என்றால் உள்ளே தகடுகள் எரிந்துவிட்டன. பிரித்து வேலை பார்க்கும் செலவு மலிவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும், வேலை சரியாக அமையுமா என்பதும் நிச்சயமில்லை. விட்டுவிடுவதுதான் என் யோசனை.

என்ஜின் விளக்கு எரிகிறது

விளக்கு நிலையாக எரிந்தால் ஓட்டிக்கொண்டே போய்ப் பார்க்கலாம். மின்னினால் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விடுவது) பலமாக இருக்கிறது, எரியாத பெட்ரோல், புகைக் குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் நிறுத்துங்கள். சின்ன பிளக் செலவு பெரிய செலவாவது இப்படித்தான்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் வரும் எண் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை, எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது. பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) வந்தால் உடனே கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வார்கள். புகைக் குழாயில் ஒரு கசிவோ வயதான ஆக்ஸிஜன் சென்சாரோ அதே எண்ணைக் கொடுக்கும். பி0171 என்றால் காற்று அதிகம், பல நேரம் விரிசல் விட்ட ரப்பர் குழாய்தான். பி0301 முதலாவது சிலிண்டரின் மிஸ்ஸிங். அதன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) இரண்டாவதுக்கு மாற்றி மாட்டுங்கள். எண் பி0302 ஆக மாறினால் காயில்தான், கையில் ஒரு காசு செலவில்லாமல் தெரிந்துவிட்டது.

பிரேக், சஸ்பென்ஷன், சத்தங்கள்

இதில் யோசிக்கவே வேண்டாம். பிரேக் பேட், டிஸ்க், புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங் எல்லாம் தேய்வதற்கென்றே உள்ளவை. திரும்பும்போது 'கடக் கடக்' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட், வேகத்தில் ஒரே சீராக உறுமி வளைவில் சத்தம் மாறினால் வீல் பேரிங். செய்துவிட்டு ஓட்டுங்கள். செய்ய மனமில்லை என்றால் ஓட்டாதீர்கள்.

ஒரு கோளாறுக்குப் போய் நீண்ட பட்டியலோடு திரும்பினால்

பெரிய வேலை எதற்கும் சரி சொல்லும் முன், காசு கொடுத்தாவது வண்டி முழுவதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் வேலை செய்யப் போகாத இன்னொரு மெக்கானிக்கிடம். கிளட்ச் மாற்றிய அடுத்த வாரம் ஹெட் கேஸ்கெட் போகும் வண்டியா என்று முன்னாலேயே தெரிந்தால் கிளட்ச் பணம் மிச்சம்.

பட்டியல் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? பிரேக் பிடிக்காது, சக்கரம் கழலும் என்ற வகை இன்றைக்கே செய்ய வேண்டியது. டைமிங் பெல்ட், கூலன்ட் கசிவு மாதிரி விட்டால் வேறொன்றைக் கெடுக்கும் வேலை அடுத்தது. ஏசி, கதவுக் கண்ணாடி மோட்டார், லேசாக வியர்க்கும் ஆயில் சீல் எல்லாம் நீங்கள் நினைக்கும்போது செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். முதல் இரண்டின் தொகையை மட்டும் கூட்டி 12ஆல் வகுத்துப் பாருங்கள். சரி என்று சொன்ன பிறகு, கழற்றிய பழைய பாகங்களை எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.